இ வரிசை

தண்ணீர் ஊற்றாமல் இருப்பதற்கு
எனக்கு ஒரு நாளைக்கு முந்நூற்று எண்பது ரூபாய்.
ஊரில் சொன்னால் சிரிக்கிறார்கள்.
"அந்த வேலைய வானம் சும்மாவே பாக்குதே
ஒச்சம்மா."

கருமாத்தூரில் இறங்கி நடக்க வேண்டும்.
உசிலம்பட்டி பஸ்ஸில்தான் வருகிறேன் தினமும்,
பலகையில் இருக்கும் மரத்தை
ஜன்னலுக்கு வெளியே தேடிக்கொண்டு.

பச்சை வலைக்குக் கீழே மூன்று வரிசைப் பைகள்,
எல்லாம் உசில், எல்லாம் செம்மண்.
அ வரிசைக்குத் தினமும் தண்ணீர்.
ஆ வரிசைக்கு ஐந்து நாளைக்கு ஒருமுறை.
இ வரிசைக்குப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை,
அதுவும் மருந்து பாட்டிலின் மூடியால் அளந்து.
எழுதி வைக்க ஒரு நோட்டு.
ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் ஜெசிந்தா
அதில் பேனாவைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள்,
ஆட்டுக்கு மணி கட்டியதுபோல.

போடுவதற்கு முன்னால் விதைக்கு வெந்நீர்.
உசில் விதை லேசில் மனசு மாறாது.
ராத்திரி முழுக்க ஊறியும்
நூற்றுக்கு நாற்பது கல்லாகவே கிடந்தன.
கொட்டிவிடட்டுமா என்றேன்.
"வேண்டாங்க்கா, அதுவும் ஒரு கணக்கு."

அப்புறம்தான் ஞாபகம் வந்தது.
போன ஆனியில் ஒரே ஒரு மழை,
காட்டை ஏமாற்றிவிட்டுப் போனது.
புற்றோரம், ஊசிப்புல் நடுவே
இரண்டிலை விட்டுக் கிளம்பியதெல்லாம்
பதினோராம் நாள்
எரிந்து முடிந்த தீக்குச்சிகளாய் நின்றன,
கறுத்த தலையும் வெளுத்த காலுமாய்.
வெள்ளாடுகூட முகர்ந்துவிட்டு நகர்ந்தது.
அன்றைக்கு எழுந்திருக்காத விதைகள்
இன்னும் அங்கேதான் மண்ணுக்குள் கிடக்கும்.
முதல் மழையை நம்பாதவை.

இ வரிசையில் நூறு பைக்கு முப்பத்தொன்று முளைத்தது.
நகத்தளவு இலை.
வெயில் ஏறினால் மடித்துக்கொள்ளும்,
கடன்காரன் வரும் தெருவில் கதவைச் சாத்துவதுபோல.
நான் குடத்தோடு பக்கத்தில் போகும்போது
அவை பார்ப்பதாகத் தோன்றும்.
தோன்றத்தான் செய்யும், யாராய் இருந்தாலும்.

ஒன்பதாம் நாள் மத்தியானம்
தூக்குச்சட்டி கழுவிய தண்ணீரை
பதினேழாம் பைக்கு ஊற்றிவிட்டேன்.
ஏன் பதினேழு என்று கேட்டால் தெரியாது.
மறுநாளும் ஊற்றினேன்.
அதற்கு மறுநாள் நானே போய்ச் சொன்னேன்.

ஜெசிந்தா திட்டவில்லை.
நோட்டில் பதினேழின் மேல் ஒரு கோடு போட்டாள்.
"அது இனிமே கணக்குல இல்லக்கா."

மாசியில் பைகளைக் கிழித்தோம்.
அ வரிசை முழங்கை உயரம்,
வேர் பைக்குள்ளேயே சுருண்டு சோம்பிக் கிடந்தது.
இ வரிசை மேலே கட்டைவிரல் அளவுதான்.
கீழே,
பையைத் துளைத்து, சரளையைத் துளைத்து
எங்கள் மண்வெட்டிக்கும் எட்டாமல்
போய்க்கொண்டே இருந்தது.
அறுத்துத்தான் எடுத்தோம்.
வெட்டிய முனையில் ஈரம் இருந்தது.
யார் கொடுத்த ஈரம்? நான் கொடுத்தது இல்லை.

பிழைத்த பத்தொன்பதையும்
காலேஜுக்கு எடுத்துப் போய்
சூட்டுப் பெட்டியில் இரண்டு நாள் வைத்தார்களாம்,
எடை பார்க்க.
அத்தனை காய்ச்சலைத் தாண்டி வந்ததை
கடைசியில் காயவைத்தே அளக்கிறார்கள்.
"வேற வழியில்லக்கா" என்றாள்.
அவள் முகமும் நன்றாக இல்லை.

கோடு போட்ட பதினேழை யாரும் பிடுங்கவில்லை.
ஐம்பத்தெட்டுக் கால்வாய்க் கரையில்,
எங்கள் காட்டை ஒட்டி, நட்டிருக்கிறேன்.
கால்வாயில் இந்த வருஷம் தண்ணீர் இல்லை;
சீமைக்கருவேல்தான் ஓடுகிறது கரை முட்ட.

சாயங்காலம் குடத்தோடு போய் நிற்கிறேன்.
ஊற்றினால் வேர் மேலேயே படுத்துக்கொள்ளும்.
ஊற்றாவிட்டால்
கீழே போவதற்குள் என்ன ஆகுமோ.
நோட்டு இல்லை, மூடி இல்லை,
ஊற்றாதே என்று சொல்லிக் கூலி கொடுக்கவும்
இங்கே ஆள் இல்லை.

இடுப்பை மாற்றிக் குடத்தை வைத்துக்கொண்டு
இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.
பதினேழு இலையை மடித்துவிட்டது.
பொழுது சாய்ந்ததாலா
தாகத்தாலா